இரவற் படைக்கலம்

நண்பன் ஒருவன் தெளிந்த மனத்தோடு இருந்த காலத்தில் தன் படைக்கலத்தை நம்மிடம் ஒப்படைத்துச் செல்கிறான். பின்னொரு நாள் சித்தம் கலங்கிய நிலையில் வந்து அதனைத் திருப்பிக் கேட்கிறான். கொடுப்பது நீதியா? பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலின் முதற் புத்தகத்திலே சோக்கிரதர் எழுப்பும் வினா இது. உண்மை பேசுவதும், பெற்றதைத் திருப்பிக் கொடுப்பதுமே நீதி என்று கருதும் கெபலோஸ் என்ற முதியவரை நோக்கி அது எழுப்பப்படுகிறது. கொடுக்கலாகாது என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த இடத்திலேயே முதியவரின் நீதியிலக்கணம் உடைந்து போகிறது. வேள்விக்கு நேரமாயிற்று என்று அவர் எழுந்துவிட, வாதத்தை மகன் பொலெமார்க்கோஸ் ஏற்றுக்கொள்கிறான்.

பல்கலைக்கழகத்திலே தமிழோடு மெய்யியலையும் ஒரு பாடமாகப் பயின்ற நாட்களில் இப்பகுதியை நான் ஓர் அளவையியற் பயிற்சியாகவே படித்தேன். படைக்கலத்துக்குப் பதிலாகப் பணப்பை என்றோ பசு என்றோ சோக்கிரதர் கூறியிருந்தாலும் வாதம் நிற்கும் என்று எண்ணினேன். அது பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். கெபலோஸ் குடும்பம் ஏதென்ஸ் நகருக்கு வந்து குடியேறிய அந்நியக் குடும்பம். கேடயத் தொழிற்சாலை அவர்களுக்கு இருந்தது. படைக்கலம் செய்து விற்றுச் செல்வம் ஈட்டிய வீட்டிலே இருந்துகொண்டுதான் படைக்கலத்தை எவனிடம் கொடுக்கலாம், எவனிடம் கொடுக்கலாகாது என்று அவர்கள் விவாதிக்கிறார்கள். பிளேட்டோவின் முதல் வாசகருக்கு அது தெரியாதிருந்திருக்க முடியாது.

தமிழிலே கொடுக்கல் வாங்கலைக் குறிக்கும் சொற்கள் பல. இரவல் என்பது இரத்தல் என்பதன் வழிவந்தது. கேட்பவனின் பணிவு அச்சொல்லிலே உறைந்து கிடக்கிறது. அளவு குறித்து வாங்கி அதே அளவு திருப்பிக் கொடுப்பதற்குக் குறியெதிர்ப்பை என்று பழந்தமிழர் பெயரிட்டனர். ஒருவர் நம்பிக்கையோடு நம் கையில் விட்டுச் செல்வது அடைக்கலப் பொருள். ஒரு கொத்து அரிசியை வாங்கியவள் ஒரு கொத்து அரிசியைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. மண்வெட்டியை வாங்கியவன் அதன் வாய் மழுங்காமற் கொண்டு வந்து சேர்த்தால் போதும். பொருள் திரும்பி வந்ததும் உறவு பழைய நிலையை அடைகிறது. துப்பாக்கி இச்சொற்களில் எதனுள்ளும் அடங்குவதில்லை. அது மூன்று நாளில் ஒரு கீறலும் இன்றித் திரும்பி வரலாம். ஆயினும் இடையிலே ஓர் உயிர் போயிருக்கலாம்.

இந்தச் சிந்தனையை வளர்த்துச் செல்வதற்கு ஐக்கிய அமெரிக்காவைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சிற்றாயுத ஆய்வு நிறுவனம் 2018 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டுப் பொதுமக்களின் கைகளில் ஏறத்தாழ 39 கோடி 30 இலட்சம் சுடுகலன்கள் இருந்தன; அதாவது மக்கள் தொகையைவிடத் துப்பாக்கிகளின் தொகை பெரிது. பியூ ஆய்வு நிலையம் 2023 இல் நடத்திய கணிப்பிலே வயது வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர் தாம் துப்பாக்கி வைத்திருப்பதாகக் கூறினர். அவர்களுள் நூற்றுக்கு 72 பேர், தற்பாதுகாப்பே அதற்கு முக்கிய காரணம் என்றனர். வேட்டைக்கும் விளையாட்டுக்கும் வைத்திருந்த நீண்ட துப்பாக்கியின் இடத்தை, இடுப்பிலும் கைப்பையிலும் மறைத்துக் கொண்டு செல்லத்தக்க கைத்துப்பாக்கி பெரிதும் பிடித்துக்கொண்டது.

இலங்கை வாசகருக்கு இது விந்தையாகத் தோன்றும். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் இங்கே குற்றம். அது ஒருபுறமிருக்க, முப்பது வயதைத் தாண்டிய எம்போன்ற வடபுலத்தார்க்குத் துவக்கு என்பது சீருடையோடும் காவலரணோடும் சேர்ந்தே நினைவுக்கு வரும் பொருள். மளிகைக் கடைக்குப் போகும் ஒருவர் பணப்பையை எடுப்பதுபோல அதனையும் எடுத்துச் செருகிக்கொண்டு புறப்படுவார் என்பதை எம்மாற் கற்பனை செய்வதே கடினம். எனவே, அந்நாட்டாரை எள்ளி நகையாடிவிட்டு அப்பாற் செல்வது எளிது. நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. அங்கே சாதாரண மனிதர் சாதாரண நாட்களில் எதிர்நோக்கும் ஓர் அறப்பிரச்சினை இருக்கிறது. அது துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை பற்றிய பெருவிவாதத்தின் இரைச்சலிலே பலரது செவியிற் படுவதில்லை.

உரிமை பற்றிய செய்தியைச் சுருக்கமாகவே கூறலாம். 1791 இல் ஏற்கப்பட்ட இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஆதாரமாகக் கொண்டு, வீட்டிலே கைத்துப்பாக்கி வைத்திருத்தல் தனிமனிதனின் உரிமை என்று 2008 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 இல் அவ்வுரிமை வீதிக்கும் விரிந்தது. தகுந்த காரணம் காட்டினாலன்றிக் கைத்துப்பாக்கியோடு வெளியே செல்ல அனுமதி வழங்காத நியூயோர்க் மாநிலத்தின் ஏற்பாடு செல்லாது என்றாயிற்று. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களிலே மறைத்துக் கொண்டு செல்வதற்கு அனுமதிப்பத்திரமே வேண்டுவதில்லை.

வைத்திருக்கலாம், கொண்டு செல்லலாம். ஆனால் அயலவனுக்குக் கொடுக்கலாமா? உரிமை பேசுவோர் பெரும்பாலும் இக்கேள்வியை எண்ணிப் பார்ப்பதில்லை. சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. அதன் விடைகளிலே காணப்படும் தடுமாற்றம் சிந்தனைக்குரியது.

1968 ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டத்தின்படி வேறொரு மாநிலத்தில் வாழும் ஒருவருக்குத் தனியாள் ஒருவர் துப்பாக்கியைக் கைமாற்றலாகாது. ஆனால் சட்டபூர்வமான விளையாட்டுத் தேவைக்குத் தற்காலிக இரவலாகக் கொடுக்க விதிவிலக்கு உண்டு. இதன் பொருளை நின்று கவனித்தல் வேண்டும். அயல் மாநிலத்திலிருந்து வந்த நண்பன், 'குறிபார்த்துச் சுட்டு விளையாட ஒருநாள் தா' என்றால் கொடுக்கலாம். 'என்னை ஒருவன் துரத்துகிறான், அச்சமாயிருக்கிறது, தா' என்றால் அவ்விதிவிலக்கு உதவாது. எந்த அச்சத்தைக் காட்டித் துப்பாக்கி விற்கப்படுகிறதோ அந்த அச்சம், இரவல் என்று வரும்போது போதிய காரணமாகக் கொள்ளப்படவில்லை.

மாநிலச் சட்டங்கள் வெவ்வேறு வழிகளிற் செல்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தார் 2014 இல் நேரடி வாக்களிப்பினால் ஒரு சட்டத்தை நிறைவேற்றினர். விற்பனை மட்டுமன்றி இரவலும் கைமாற்றமே. எனவே வாங்குபவரின் பின்னணி சோதிக்கப்பட வேண்டும் என்பது அதன் பொதுவிதி. உடனடியாக நேரக்கூடிய சாவையோ கொடுங்காயத்தையோ தவிர்ப்பதற்காகக் கொடுப்பின், அத்தேவை நீடிக்கும் வரை சோதனை வேண்டியதில்லை என்று ஒரு வாயிலையும் திறந்து வைத்தனர். கலிபோர்ணியாவில் முன்னர் ஒருவரையொருவர் நேரில் அறிந்தோரிடையே முப்பது நாள் வரை இரவல் கொடுக்க இடமிருந்தது. 2016 இல் இயற்றப்பட்ட திருத்தம் அந்த வசதியை வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளைகள் என்ற வட்டத்துக்குள் அடக்கிற்று. மாமனும் மச்சானும் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். நம்மவர் இதனைப் படித்தால் முதலில் எழுப்பும் ஆட்சேபம் அதுவாகவே இருக்கும்! (மாமன் உறவு உயர் நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. தன் மாமனுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கிய ஒருவர், வாங்குபவர் தாமே என்று படிவத்தில் எழுதினார். மாமன் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுடையவரே. ஆயினும் அது குற்றமே என்று 2014 இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று.)

கொலராடோவின் 2013 ஆம் ஆண்டுச் சட்டமே என்னை மிகவும் ஈர்த்தது. எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கு மேற்படாத இரவலுக்கு அங்கே பின்னணிச் சோதனை வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய இரவலைப் பெற்றவன் அதனாற் சட்டவிரோதமாக விளைக்கும் கேட்டுக்கு, கொடுத்தவனும் அவனோடு கூட்டாக இழப்பீட்டுப் பொறுப்பாளியாகலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. பொருள் கைவிட்டுப் போகலாம், பொறுப்புக் கைவிட்டுப் போகாது என்ற உண்மையைச் சட்டத்தின் வறண்ட மொழியிலே இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் கண்டதில்லை. மண்வெட்டி இரவலுக்கு இப்படியொரு சட்டத்தை எவரும் இயற்றுவாரா?

இதே நாட்டின் சமஷ்டிச் சட்டமன்றம் 2005 இல் இன்னொரு சட்டத்தை இயற்றியது. துப்பாக்கி உற்பத்தியாளரும் விற்பனையாளரும், தாம் விற்ற பொருளைக் கொண்டு பிறர் செய்யும் குற்றங்களுக்காகத் தம்மீது வழக்குத் தொடரப்படுவதிலிருந்து, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அதனாற் பாதுகாப்புப் பெற்றனர். இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஊதியம் எதுவுமின்றி நட்பின் பொருட்டு மூன்று நாளைக்கு ஒரு துப்பாக்கியைக் கொடுத்த ஏழைத் தொழிலாளி அதன் விளைவுக்குத் தோள் கொடுக்க வேண்டும். இலட்சக்கணக்கிற் செய்து விற்று இலாபம் கண்ட கம்பனிக்கு அரசு கேடயம் பிடிக்கிறது. அறம் தனிமனிதனுக்கு, விலக்கு மூலதனத்துக்கு என்ற இப்பாகுபாட்டை நாம் வேறு பல துறைகளிலும் கண்டிருக்கிறோம். அதற்காகத் தனிமனிதனின் அறத்தைத் தள்ளிவிட முடியாது. தொழிலாளி மீது சுமத்தப்பட்டது நியாயமான சுமை. முதலாளி அதனினின்று தப்பியதே அநியாயம்.

அந்தச் சுமைதான் என்ன? துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் தடை செய்துள்ள ஒருவருக்கு, அவர் அத்தகையவர் என்று அறிந்தோ, அவ்வாறு கருத நியாயமான காரணமிருந்தோ கொடுப்பது குற்றம் என்கிறது சமஷ்டிச் சட்டம். கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், மனநலக் காரணங்களால் நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ளானவர், வாழ்க்கைத் துணையை அச்சுறுத்தியதற்காக நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றவர் முதலியோர் அப்பட்டியலில் உளர். கடைசியிற் கூறியோர் மீதான தடை அரசியலமைப்புக்கு முரணன்று என்பதை 2024 இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஆக, கொடுப்பவன் தன் அயலவனை அறிந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. அவன் வீட்டில் இரவிலே என்ன சத்தம் கேட்கிறது, வேலை போன பின் அவன் எப்படியிருக்கிறான், குடிக்கிறானா, பேச்சுக் குறைந்துவிட்டதா என்றெல்லாம் அறியாதவன் எவ்வாறு 'நியாயமான காரணம்' இல்லை என்று சொல்ல முடியும்?

இங்கேதான் முரண்பாடு வெளிப்படுகிறது. கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு புறப்படுவதன் அடிப்படை, எதிரே வருபவன் யாரென்று தெரியாது, அவனை நம்ப முடியாது என்ற எண்ணம். அதனை இரவல் கொடுப்பதன் அடிப்படை, கேட்பவனை எனக்கு முற்றாகத் தெரியும், அவனை நம்பலாம் என்ற எண்ணம். இரண்டு எண்ணங்களும் ஒரே மனிதனிடத்திலே, ஒரே பொருளைக் குறித்து இருக்கின்றன. சமுதாய உறவுகள் தளர்ந்து, அண்டை வீட்டானின் பெயரும் தெரியாத வாழ்க்கையே துப்பாக்கிக்குச் சந்தையை உண்டாக்குகிறது. அந்தத் துப்பாக்கியோ, ஒரு நெருங்கிய கிராமத்தாருக்கே இயலக்கூடிய அளவு அயலறிவைத் தன் உடைமையாளனிடம் வேண்டி நிற்கிறது. துப்பாக்கி கடையிலே கிடைக்கும். அந்த அறிவு கடையிலே கிடைக்காது.

ஆசிரியன் என்ற முறையில் ஒரு சம்பவத்தை நான் கடந்து செல்ல இயலாது. மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்போர்ட் நகரப் பாடசாலையிலே 2021 நவம்பர் 30 ஆம் நாள் பதினைந்து வயது மாணவன் ஒருவன் சுட்டதில் மாணவர் நால்வர் உயிரிழந்தனர். ஓர் ஆசிரியர் உட்பட எழுவர் காயமுற்றனர். அவன் கையிலிருந்த கைத்துப்பாக்கி நான்கு நாட்களுக்கு முன் தந்தை கடையில் வாங்கியது. முற்கூட்டிய நத்தார்ப் பரிசு. அன்று காலையிலே அவன் வரைந்த படத்தையும் எழுதிய சொற்களையும் ஆசிரியர் ஒருவர் கண்டார். பெற்றோர் அழைக்கப்பட்டனர். அவர்கள் மகனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறோம் என்று சொல்லவுமில்லை. பாடசாலையினர் அவன் பையைத் திறந்து பார்க்கவில்லை. அவன் வகுப்புக்குத் திரும்பினான். 2024 இல் தாயும் தந்தையும் தனித்தனி விசாரணையிலே கொலைக்குச் சமமாகாத மனிதக்கொலைக் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை பெற்றனர்.

அப்பெற்றோரைக் கண்டிப்பது இலகு. எனக்கு அந்தக் காலை நேரத்து அறைதான் மீண்டும் மீண்டும் நினைவில் எழுகிறது. மாணவன் ஒருவனின் கொப்பியிலே காணக்கூடாத ஒன்றைக் கண்டு, பெற்றோரை அழைத்து, மேசைக்கு இருபுறமும் அமர்ந்து பேசிய அனுபவம் எனக்கும் உண்டு. பெற்றோர் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று அவசரப்படுவர். நாமும் அடுத்த பாடவேளைக்கு மணி அடித்துவிடுமே என்று எண்ணுவோம். எல்லோரும் ஓரளவு கவலைப்படுவோம். ஒருவரும் முழுதாகக் கவலைப்பட மாட்டோம். இங்கே அந்த அரைக்கவலைக்கு நாம் கொடுக்கும் விலை பெரும்பாலும் மீட்கக்கூடியது. துப்பாக்கி இருக்கும் வீட்டுப் பிள்ளையைப் பொறுத்தவரை அது அவ்வாறன்று. மனிதரின் சாதாரணக் கவனக்குறைவைத் தாங்கிக்கொள்ளும் பொருள்களே வீட்டுக்கு ஏற்ற பொருள்கள். கதவருகே இரு செருப்பு மாறிக் கிடந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

இவ்வளவும் கூறிய பின், முற்போக்கு எண்ணமுடையோர் எளிதில் மறந்துவிடும் ஒரு பக்கத்தையும் கூறியாக வேண்டும். துப்பாக்கிச் சட்டங்கள் எல்லாம் எளியோரைக் காக்கப் பிறந்தவையல்ல. அடிமைமுறை ஒழிந்த 1865 ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அனுமதியின்றிச் சுடுகலன் வைத்திருப்பதைத் தடை செய்தது. மார்ட்டின் லூதர் கிங் 1956 இல் தம் வீட்டின்மீது குண்டு வீசப்பட்ட பின்னர், கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டு செல்வதற்கு அனுமதி கோரினார். அலபாமா அதிகாரிகள் மறுத்துவிட்டனர். கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கியேந்திப் பொலிசாரைக் கண்காணிக்கத் தொடங்கியதும், 1967 இல் கலிபோர்ணியா, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடங்களிற் கொண்டு செல்வதைத் தடை செய்தது. அச்சட்டத்திற் கையொப்பமிட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். உரிமை விரிந்த இக்காலத்திலும் அது எல்லோருக்கும் ஒரே அளவாக விரிந்ததா? 2016 இல் மினசோட்டாவிலே, முறைப்படி அனுமதி பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருந்த கறுப்பின இளைஞர் ஒருவர் (பாடசாலை உணவுக்கூடத்திற் பணியாற்றியவர்) வாகனச் சோதனையின்போது, தம்மிடம் சுடுகலன் இருப்பதை நேர்மையாகக் கூறிய சில கணங்களுக்குள் பொலிஸ் அலுவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அலுவலர் மறுவருடம் விடுதலையானார்.

அரசின் காவல் கிட்டாதவன், உன் பாதுகாப்பை நீ தேடாதே என்று உபதேசம் கேட்க விரும்பமாட்டான். அவனுக்கு அவ்வாறு உபதேசிக்க எனக்கும் உரிமையில்லை. கிங் அந்த விண்ணப்பத்தை எழுதிய இரவுகளிலே என்ன அஞ்சினார் என்பதை அறியாமல் அவரைக் கடிந்துகொள்ள முடியாது. ஆனால் பின்னர் அவர் தம் வீட்டிலிருந்த துப்பாக்கிகளை விட்டுவிட்டார் என்பதும் வரலாறு. காவல் கிட்டாதவனின் அச்சம் உண்மையானது. அதற்குக் கிடைத்த மருந்துதான் தனித்தனியே விற்கப்படுகிறது. வாங்கியவன் வீட்டிலே அது நோயாகவும் மாறுகிறது.

நோய் என்று நான் சொல்வது உருவகமன்று. 2021 இல் அந்நாட்டிலே துப்பாக்கியால் நேர்ந்த சாவுகள் 48,830. அவற்றுள் 26,328 தற்கொலைகள். வீதியில் எதிர்ப்படுவான் என்று அஞ்சிய அந்நியனைவிட, வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஒரு கரிய பொழுதே பேரளவு உயிர்களைக் கொண்டு போகிறது. அப்பொழுதின் இயல்பு, அது கடந்து போவது. கடந்து போகும்வரை உடனிருக்க ஒருவரும், கைக்கெட்டாத் தொலைவில் துப்பாக்கியும் இருந்தால், பிழைத்தவருட் பெரும்பாலோர் பின்னர் வாழ்ந்தே முடிக்கின்றனர். எனவேதான் இரவலின் மறுதலையான ஒரு வழக்கம் அங்கே பரவி வருகிறது. மனம் சோர்ந்த நண்பனிடம் சென்று, 'உன் துப்பாக்கியைச் சில காலம் என்னிடம் தந்து வை' என்று கேட்பது அது. நல்லெண்ணத்தோடு வாங்கி வைப்பவனும் கைமாற்றச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறான் என்பது சில மாநிலங்களில் அவனுக்குத் தயக்கத்தை உண்டாக்கியது. வாஷிங்டன் சட்டத்தின் அந்த ஒற்றை வாயிலைப் போன்றவை அதனால் முக்கியம் பெற்றன. 'உடனடி' என்றால் எத்தனை நாள் என்பதைச் சட்டம் எண்ணிச் சொல்லவில்லை.

இதிலே முதலில் இறங்கியவர்களுட் துப்பாக்கி வணிகரும் உளர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2009 இல் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தின் ஒரே கடையில் வாங்கிய துப்பாக்கிகளால், ஒருவரோடொருவர் தொடர்பற்ற மூவர் ஒரு வாரத்துள் தம்மை மாய்த்துக் கொண்டனர். அதன் பின், அங்குள்ள கடைக்காரர் சிலர் பொதுச் சுகாதார ஊழியரோடு கூடியமர்ந்து, கடைக்கு வருபவனின் முகத்தைப் பார்த்து எப்போது விற்க மறுப்பது என்று ஆராய்ந்தனர். கொலராடோவிலே, வேண்டுவோரின் துப்பாக்கியைத் தற்காலிகமாக வைத்துக் காக்க முன்வந்த கடைகளையும் பொலிஸ் நிலையங்களையும் குறித்து ஒரு வரைபடமே வெளியிடப்பட்டது. தம் தொழிலுக்கு எதிராகவே நிற்பவர்போல் அவர்கள் தோன்றலாம். கெபலோசின் கேடயக்கடைக்கு இவ்வளவு அருகில் வந்தவர்கள் வேறிலர்.

வாங்கி வைப்பதில் அவர்களுக்குப் பெரிய குழப்பம் இல்லை. குழப்பம் திருப்பிக் கொடுப்பதிலே வருகிறது. மூன்று மாதம் கழித்து நண்பன் வருகிறான். முகம் சவரம் செய்திருக்கிறான். இரண்டு பகிடியும் சொல்கிறான். இப்போது எனக்குச் சுகம், என் பொருளைத் தா என்கிறான். பொருள் அவனுடையது, சட்டமும் அவன் பக்கம். கடைக்காரர் மருத்துவர் அல்லர், நீதிபதியும் அல்லர். திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டாயா, வேலைக்குப் போகிறாயா, இரவிலே தூக்கம் வருகிறதா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டபடி அவன் கண்ணையே பார்த்துக் கொண்டு நிற்கிறார்.